ஒரு நாள்கூட லீவு போடாதவள்

எங்க ஆஸ்பத்திரிக்கு விருது கிடைச்சிருக்கு. 'ஊழியர் நலனில் முதலிடம்'னு எழுதின கண்ணாடிக் கேடயம். முன்வாசல்ல ரிசப்ஷன் மேசை மேல, பிளாஸ்டிக் பூ ஜாடிக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க. நான் பின்வாசல் வழியா வந்து பின்வாசல் வழியா போறவ, அதனால ரொம்ப நாள் அது என் கண்ணுல படல. பட்ட அன்னைக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் காறித் துப்பணும்போல வந்துச்சு. ஆஸ்பத்திரியாச்சேன்னு முழுங்கிக்கிட்டேன்.

நான் கிச்சன்ல தட்டு அடுக்கறவ. யாருக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு டயட்டீஷியன் அனுப்புற சீட்டைப் பார்த்துத் தட்டு நிரப்பணும். ஒருத்தருக்கு உப்பு ஆகாது, ஒருத்தருக்குச் சக்கரை ஆகாது. பல்லில்லாதவங்களுக்கு எல்லாத்தையும் மசிச்சுக் கொடுக்கணும். தொண்டை இறங்காதவங்களுக்குத் தண்ணியையே மாவு கலந்து கெட்டியாக்கித் தரணும். மூடி போட்டு, தள்ளுவண்டியில ஏத்தி, கட்டில் கட்டிலா கொண்டுபோய்க் கொடுத்து, மிச்சத்தை அள்ளிட்டு வந்து கழுவுறது வரைக்கும் நாங்கதான். ஒரு தட்டு மாறினா ஒரு உயிருக்கு ஆபத்துன்னு சேர்ந்த புதுசுல சொல்லித் தந்தாங்க. உயிர் அவ்வளவு உசத்தின்னா, அதைக் கையில தூக்கிட்டுப் போறவளுக்கு என்ன தர்றீங்கன்னு அப்பவே கேட்டிருக்கணும்.

என்ன தர்றாங்கன்னு சொல்றேன், கேளுங்க. இலவசச் சாப்பாடு, அதுக்குச் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. இலவசச் சீருடை, அதுக்கும் பிடிச்சுக்குவாங்க. பிறந்தநாளைக்கு ஃபோன்ல கேக் படம் வரும். அதுக்கு மட்டும் இன்னும் பிடிக்கல, வாழ்க. இதுக்கெல்லாம் மேல 'விசுவாசத் திட்டம்'னு ஒண்ணு. ஒரு வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாம வந்தா நிரந்தரம் ஆக்குவாங்க. நிரந்தரம் ஆனா குடும்பத்துக்கே மருத்துவ அட்டை. அதாவது, ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவங்களுக்கு அதே ஆஸ்பத்திரியில வைத்தியம் வேணும்னா, முதல்ல ஒரு வருஷம் சீக்கே வராம இருந்து காட்டணும். இதை யோசிச்ச மண்டையை நான் தினம் பார்க்கிறேன். நல்லா எண்ணெய் தடவி, படிய வாரின மண்டை.

அந்த மண்டைக்குச் சொந்தக்காரர் எங்க நலன் மேனேஜர். பல்லழகர்னு நாங்க வச்ச பேரு. சம்பளம் ஏத்திக் கேட்டாலும் சிரிப்பாரு, சாவுன்னு சொன்னாலும் சிரிப்பாரு. என் மாமியார் செத்த அன்னைக்கு லீவு சொல்ல ஃபோன் பண்ணேன். "அடடா, நீங்க வீட்டைப் பாருங்கம்மா, நாங்க இருக்கோம்"னாரு. மெழுகுவத்தி படம் ஒண்ணு அனுப்பினாரு. கூடவே ஆப்சென்ட்டும் போட்டாரு. என் வருஷம் அதோட காலி. மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணுமாம். போடா நீயும் உன் அட்டையும்னு விட்டுட்டேன்.

என் நாத்தனாரால அப்படி விட முடியல. நாத்தனார்னா என் புருஷனோட கூடப்பிறந்த தங்கச்சி. எங்க வீட்டுக்கு மேல் மாடியில புருஷன், பொண்ணோட குடியிருக்கா. அவளுக்கும் எனக்கும் ஆகாது. என் சமையலுக்கு மூக்கைச் சுளிப்பா, என் புடவைக்குக் கண்ணைச் சுளிப்பா. கண்ணாடியைக் கண்டா நகரமாட்டா. மாமியார் காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு, வேலையில சேர்த்துவிடுங்க அண்ணின்னு வந்து நின்னப்ப, இந்த மினுக்கி எங்க கழுவித் துடைக்கப் போறாள்னு நினைச்சேன். ஆனா சேர்ந்த நாள்லருந்து ஒரு நாள் தவறல. மழையில நனைஞ்சு வந்தா. புருஷனோட சண்டை போட்டு வீங்கின மூஞ்சியோட வந்தா. எல்லாம் பாப்பாவுக்காக.

பாப்பா அவ பொண்ணு. பிறந்ததிலிருந்து காதுல சீழ். இப்ப ஒரு காது சுத்தமா கேக்கறதில்ல, இன்னொண்ணும் போயிட்டிருக்கு. ஆபரேஷன் பண்ணா கேக்கும், தள்ளிப்போட்டா அதுவும் இல்லைன்னு எங்க ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னாரு. காசு கட்டிச் செய்யறதுன்னா எங்க ரெண்டு வீட்டையும் சேர்த்து வித்தாலும் பத்தாது, அதுவும் ரெண்டும் வாடகை வீடு. அட்டை இருந்தா ஒத்தக்காசு கிடையாது. அந்த அட்டைக்குத்தான் அவ வருஷத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா. அதுவும் முடியற கட்டத்துக்கு வந்திருந்துச்சு, இன்னும் ஒரு வாரம்கூட இல்ல.

இனி வாசல் கேள்வியைப் பத்திச் சொல்லணும். கிச்சனுக்குள்ள போறதுக்கு முன்னாடி தினம் காலையில எங்களை வாசல்ல நிறுத்தி மூணு கேள்வி கேக்கணும்னு சட்டம். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, வாந்தி பேதி உண்டா. உண்டுன்னா உள்ள விடக்கூடாது, வீட்டுக்கு அனுப்பணும். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லல. ஆனா வீட்டுக்கு அனுப்பினா சம்பளமும் கிடையாது, ஆப்சென்ட்டும் விழும். அப்புறம் எவன் உண்டுன்னு சொல்வான்? பல்லழகர் ஃபோனைப் பார்த்துக்கிட்டே "இருமல்..."னு இழுக்கும்போதே நாங்க கோரஸா "இல்ல சார்". இருமிக்கிட்டே சொல்வோம். அவரும் சிரிச்சுக்கிட்டே டிக் பண்ணிப்பாரு. நாங்க பொய் சொல்றோம்னு அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்னு எங்களுக்கும் தெரியும். இப்படியே ஒரு ஆஸ்பத்திரி நடந்துச்சு.

அந்தக் காலையிலயும் அப்படித்தான். "இல்ல சார்"னு எல்லாருக்கும் மேல சத்தமா சொன்னது என் நாத்தனார். தொப்பியை மாட்டிட்டு நேரா கக்கூஸுக்கு ஓடினா. நான் பின்னாலயே போய்க் கதவுகிட்ட நின்னேன். குடலே வெளிய வர்ற மாதிரி சத்தம்.

"எப்பருந்துடி?"

"விடிஞ்சதுலருந்து. ஒண்ணுமில்ல அண்ணி, சரியாப் போயிடும்."

"வாந்தி மட்டுமா?"

குழாயைத் திறந்துவிட்டா. அதுவே பதில்.

"வீட்டுக்குப் போ."

"போனா போச்சு. என் வருஷம் போச்சு. பாப்பா காது போச்சு." கதவைத் திறந்துட்டு வந்து நின்னா. சாயம் போன துணி மாதிரி இருந்தா. "நீங்க சொல்லிக் கொடுத்துடாதீங்க அண்ணி. உங்க கால்ல விழறேன்."

"கால்ல எல்லாம் விழாத. அந்தக் கையோட என்னைத் தொடவும் தொடாத."

அன்னைக்கு அவ வேலை எந்த வரிசையில தெரியுமா? ரத்தப் புத்துநோய் வார்டுக்குப் போற தட்டு. அங்க படுத்திருக்கறவங்களுக்கு மருந்து கொடுத்துக் கொடுத்து உடம்புல எதிர்ப்புச் சக்தியே மிச்சமில்ல. அவங்களுக்கு நம்ம தும்மலே எமன். இவ கை பட்ட கரண்டி ஒண்ணு அங்க போனா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். அவளைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், பின்னால வெறும் அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்துல உக்கார வச்சேன். "சாப்பாட்டு சாமான் எதையாவது தொட்டே, நானே போய்ப் பல்லழகர்கிட்ட சொல்லிடுவேன்"னேன். அவ வேலையையும் சேர்த்து நானே பார்த்தேன். கை ரெண்டும் கழண்டு விழுந்துடும்போல இருந்துச்சு. என் புருஷன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதுக்கு இன்னும் என்னென்ன செய்யணுமோன்னு வாய்க்குள்ளயே திட்டிக்கிட்டேன்.

மத்தியானம் நெருங்கும்போது பல்லழகர் கிச்சனுக்குள்ள வந்தாரு. வாசனைத் திரவியம் முன்னால வந்துச்சு, அவர் பின்னால வந்தாரு. அன்னைக்கு அந்த விருதுக்காக மேல் மாடியில விருந்து. தலைவர், இயக்குநருங்க, விருது கொடுத்த கம்பெனி ஆளுங்க எல்லாரும் வந்திருந்தாங்க. சாப்பாடு எங்க கிச்சன்லருந்து இல்ல, வெளிய பெரிய ஹோட்டல்லருந்து. எங்க சாப்பாடு சீக்காளிங்களுக்குத்தான் ஆகும், அவங்க வாய்க்கு ஆகாது. பரிமாற மட்டும் எங்க ஆளு வேணுமாம். ஊழியர் நலனுக்கு விருது வாங்கற இடத்துல ஊழியர் ஒண்ணு ரெண்டு நின்னாத்தானே ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும்?

"நல்ல களையான முகமா ரெண்டு பேரு வேணும்"னு சொல்லிக் கண்ணைச் சுழட்டினாரு. என் மூஞ்சி மேல நிக்காம வழுக்கிட்டுப் போச்சு அந்தக் கண்ணு. அட்டைப்பெட்டிங்களுக்கு நடுவுல இருந்த நாத்தனார்மேல போய் நின்னுச்சு. "அதோ, அந்தப் பொண்ணு. நல்லா பளிச்சுன்னு இருக்கு."

வாந்தி எடுத்து வெளுத்துப்போன மூஞ்சி அவருக்குப் பளிச்சுன்னு இருக்காம்! எனக்கு வந்த ஆத்திரத்துல கரண்டியைத் தூக்கி அடிச்சிருப்பேன்.

"அவளுக்கு இங்க வேலை இருக்கு சார், வேற யாரையாவது..."

"ஏம்மா, அட்டைப்பெட்டி மடிக்கிறது ஒரு வேலையா? தலைவரே வந்திருக்காரு."

அதுக்கு மேல நான் என்ன சொல்றது? உண்மையைச் சொன்னா அவ வருஷம் அங்கயே முடிஞ்சுது. அவ என்னைப் பார்த்தா. நான் அவளைப் பார்த்தேன். "கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போ. கையுறை போட்டுக்கோ, முகமூடி போட்டுக்கோ"ன்னு சொன்னேன். அவ ரெண்டும் போட்டுக்கிட்டுத்தான் போனா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து படியேறும்போதுதான் அங்க நடந்ததைச் சொன்னா. மேல போனதும் பல்லழகர் அவளைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சாராம். "என்னம்மா இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. கழட்டு, கழட்டு. ஃபோட்டோ எடுக்கறாங்க"ன்னாராம். ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு சொன்ன முதல் ஆளு அவராத்தான் இருப்பாரு. இவ கழட்டிட்டா. வெறுங்கையால பழத்துண்டு எடுத்து வச்சிருக்கா, ரொட்டி எடுத்து வச்சிருக்கா. தலைவர், தொழிலாளிங்கதான் எங்க முதுகெலும்புன்னு பேசியிருக்காரு. எல்லாரும் கைதட்டிட்டு அந்தக் கையாலயே சாப்பிட்டிருக்காங்க.

எனக்கு வருத்தமா இருந்துச்சான்னு கேட்டா, இல்ல. துளி இல்ல. வார்டுல கிடக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகலையேன்னுதான் நினைச்சேன்.

அடுத்த நாள் ராஜ்ஜியமே கவிழ்ந்துச்சு. தலைவருக்குப் பேதி. இயக்குநருங்களுக்கு வாந்தி. விருது கொடுத்த கம்பெனி ஆளுங்க வழியில காரை நிறுத்தி நிறுத்திப் போனாங்களாம். பல்லழகர் எங்க ஆஸ்பத்திரியிலயே ஏசி ரூம்ல அட்மிட் ஆனாரு. கிச்சன்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியல, பார்த்தா சிரிப்பு பீறிட்டுக்கிட்டு வந்துச்சு. எங்க சமையல்காரர், கரண்டி அண்ணன்னு கூப்பிடுவோம், அடுப்புக்குப் பின்னால போய்க் குனிஞ்சு நின்னு சிரிச்சுட்டு வந்தாரு. பழி ஹோட்டல் மேல விழுந்துச்சு. அந்த அவசரத்துல எங்ககிட்ட யாரும் எதுவும் கேக்கல. நாத்தனாருக்கு அதுக்குள்ள எல்லாம் நின்னு, பழையபடி கண்ணாடி பார்க்க ஆரம்பிச்சுட்டா.

அவ்வளவோட முடிஞ்சுதுன்னு இருந்தோம். அப்பத்தான் ஏசி ரூம்லருந்து உத்தரவு வந்துச்சு. விருந்துல பரிமாறினவங்க முன்னெச்சரிக்கையா ரெண்டு நாள் வீட்ல இருக்கணுமாம். சம்பளம் கிடையாது. ஆப்சென்ட் விழும்.

ஒரு நிமிஷம் நிறுத்தி இதை யோசிச்சுப் பாருங்க. சீக்கா இருந்தப்ப வந்தா, அது வருகை. குணமாகி வரேன்னு நிக்கறப்ப போன்னு விரட்டினாங்க, அது ஆப்சென்ட். அவளே போடாத லீவு, அவ தலையில கட்டின லீவு. ஒரு வருஷம் ஒரு நாள் விடாம வந்தவளோட வருஷத்தை, படுத்த படுக்கையில இருந்து ஒருத்தன் முறிச்சுப் போட்டான்.

நாத்தனார் கத்துவா, ஒப்பாரி வைப்பாள்னு எதிர்பார்த்தேன். பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்குச் சாயங்காலம் மாடியில இருந்து அவ குரல் கேட்டுச்சு. "பாப்பா... பாப்பா... ஏய் பாப்பா, சாப்பிட வா." திரும்பத் திரும்பக் கூப்பிட்டா. அந்தக் குழந்தை ஓடி வர்ற காலடிச் சத்தம் கேக்கவே இல்ல. கீழ உக்காந்திருந்த என் புருஷன் சாப்பாட்டுல கையை வச்சபடியே இருந்தாரு.

மறுநாள் பல்லழகர் ரூமுக்குத் தட்டு கொண்டுபோற முறை என்னுது. வேற ஒருத்தி முறைதான், நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். தெளிஞ்ச சூப்பு, உப்புச் சக்கரைத் தண்ணி. மெத்து மெத்துன்னு தலகாணிக்கு நடுவுல கிடந்தாரு. பல்லு மட்டும் அதே பல்லு.

"வயித்துப்போக்குன்னா என்னன்னு இப்பத்தாம்மா தெரியுது. எழுந்து நிக்க முடியல. இதோட எவன் வேலைக்குப் போக முடியும்?"

"அதானே சார். எவன் போவான்?"

"இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு விட்டுடறாங்க. ஆனா பத்து நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாங்க."

"சம்பளத்தோடவா?"

"பின்ன?" ஆச்சரியமா பார்த்தாரு, நான் என்னமோ தண்ணி நனைக்குமான்னு கேட்ட மாதிரி.

"சார், என் நாத்தனாருக்கு நீங்கதான் வீட்ல இருன்னு சொன்னீங்க. அதுக்கு ஆப்சென்ட் போட்டா எப்படி? அவளுக்கு வருஷம் முடியப் போகுது. சின்னக் குழந்தை சார், காது..."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சே. அது நாம சொன்னா கேக்காது." சூப்பை ஒரு வாய் குடிச்சாரு. அப்புறம் குரலைத் தாழ்த்தினாரு. "ஒண்ணு கேக்கறேன். ஹோட்டல்காரன் கேஸ் போடறேங்கறான். நம்ம கிச்சன்ல அன்னைக்கு யாருக்காவது உடம்பு சரியில்லாம இருந்துச்சா? நீங்க உண்மையைச் சொன்னா, உங்களுக்குப் போன வருஷம் போன அட்டையை நான் பார்த்துத் தர்றேன்."

கம்ப்யூட்டர் கேக்காதாம். காட்டிக்கொடுத்தா மட்டும் கேக்குமாம்.

"உண்மை வேணுமா சார்?"

"ஆமாம்மா."

"நாளைக்குக் காலையில வாசல்ல வந்து கேளுங்க. சொல்றோம்."

அவருக்கு அது புரியல. ஆனா பத்து நாள் ரெஸ்ட்டை விட்டுட்டு வர்ற அளவுக்கு அவர் வாயில எச்சில் ஊறினது தெரிஞ்சுது.

அன்னைக்கு வேலை முடிஞ்சு உடை மாத்துற ரூம்ல எல்லாரையும் நிறுத்தினேன். "நாளைக்கு வாசல்ல கேட்டா உண்மையைச் சொல்லணும். அவ்வளவுதான். ஒரு பொய்யும் வேண்டாம்"னேன்.

எங்க ஆளுங்களைப் பத்தி நான் பெருமையா ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஒருத்தி சுவத்தைப் பார்த்தா. ஒருத்தி பையில எதையோ தேட ஆரம்பிச்சா. கரண்டி அண்ணன் "எனக்கு ஒண்ணுமில்லையேம்மா"ன்னாரு, சொல்லி முடிக்கறதுக்குள்ள இருமல் வந்து முதுகு வளைஞ்சுது.

"மாசக்கணக்கா இருமுறீங்க அண்ணே. அது என்ன பாட்டா?"

"சொன்னா ஆப்சென்ட் போடுவானே."

"ஒருத்தர் சொன்னா போடுவான். எல்லாரும் சொன்னா யாரை வச்சுத் தட்டு அடுக்குவான்? அவன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வருவானா?"

"உன் நாத்தனாருக்காக நாங்க ஏன்..."னு பையில தேடினவ முணுமுணுத்தா. "அவ என்னைக்காவது நம்மகிட்ட முகம் கொடுத்துப் பேசியிருக்காளா?"

"என்கிட்டயே பேசமாட்டா. அவளுக்காக இல்லடி. உன் வருஷம் எப்ப முடியுது? முடியற வாரம் உனக்குக் காய்ச்சல் வராதுன்னு யாரு எழுதிக் கொடுத்தாங்க?"

அவ பையை மூடித் தோள்ல மாட்டிக்கிட்டா. சரின்னு ஒருத்தரும் சொல்லல. மாட்டேன்னும் சொல்லல. தூங்கப் போற வரைக்கும் இந்தக் கோழைங்களை நம்பி வாயைக் கொடுத்துட்டோமேன்னு இருந்துச்சு.

காலையில வாசல்ல பல்லழகர் நின்னாரு, சட்டை ரெண்டு அளவு பெருசான மாதிரி. பக்கத்துல ஒரு அம்மா, கிருமிக் கட்டுப்பாட்டு டாக்டர். விருந்து விவகாரத்தால, அன்னையிலருந்து தினம் கூட நின்னு பார்க்கணும்னு அவங்களுக்கு உத்தரவு. இத்தனை வருஷமா பல்லழகர் போட்ட டிக்குக்குக் கீழ கையெழுத்துப் போட்டவங்க அவங்கதான். எங்களை நேர்ல பார்க்கறது அதுதான் முதல் தடவை. நாத்தனார் உள்ள வரக்கூடாதுங்கறதால கேட்டுக்கு வெளிய கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. வரச் சொன்னது நான்தான்.

"இருமல் உண்டா?"ன்னு பல்லழகர் கேட்டாரு.

வழக்கமான கோரஸ் வரல.

"உண்டு சார்"னாரு கரண்டி அண்ணன். "மாசக்கணக்கா உண்டு."

பல்லழகர் சிரிச்சாரு, வேற என்ன செய்யறதுன்னு தெரியாம. "காய்ச்சல்?"

"உண்டு சார்." பையில தேடினவதான். "நேத்துலருந்து. தொட்டுப் பாருங்க."

"வாந்தி பேதி?"

"எனக்கு உண்டு"ன்னு பின்னாலருந்து ஒரு குரல். "எனக்குக் கையில புண்ணு, அதைக் கேக்க மாட்டீங்களா சார்?"னு இன்னொரு குரல். "எனக்குக் கண்ணு சிவந்து ஒட்டிக்குது." அணை உடைஞ்ச மாதிரி ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பிச்சாங்க. கோழைங்கன்னு சொன்னேனே, அந்த வார்த்தையை மட்டும் திரும்ப எடுத்துக்கறேன்.

டாக்டரம்மா ரெண்டு அடி பின்னால போனாங்க. "இது எத்தனை நாளா?"

"எப்பவுமேதான் டாக்டர்"னேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா சம்பளம் இல்ல, ஆப்சென்ட் உண்டு, அட்டை போயிடும். சார்தான் அந்தத் திட்டத்தைப் போட்டாரு. அதுக்குத்தான் விருதும் வாங்கினாரு."

டாக்டரம்மா பல்லழகரைப் பார்த்தாங்க. அவங்களுக்கு எங்க மேல பரிதாபம்னு நினைக்காதீங்க. தன்னோட கையெழுத்தெல்லாம் கண்ணு முன்னால வந்து போயிருக்கும். "இவங்க யாரையும் நான் உள்ள விட முடியாது. இனிமே சீக்குன்னு சொல்றவங்களுக்கு ஆப்சென்ட் போட்டா, நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்"னாங்க.

உள்ள சுவத்துல இருந்த ஃபோன் அடிக்க ஆரம்பிச்சுது. நின்னுச்சு, திரும்ப அடிச்சுது. வார்டுங்கதான். சக்கரை வியாதிக்காரங்களுக்கு ஊசி போட்டாச்சு, சாப்பாடு எங்கன்னு கேக்கறாங்க. அந்தச் சத்தம் கேட்டு எனக்குப் பதறலைன்னு சொன்னா அது பொய். ஊசி போட்டும் சாப்பாடு போகலைன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?

பல்லழகர் என்கிட்ட வந்தாரு. பல்லு முதல் தடவையா உள்ள போயிருந்துச்சு. "அம்மா, பேஷண்ட்டுங்க பட்டினி கிடக்கறாங்க. பெரிய மனசு பண்ணி எல்லாரையும் இல்லைன்னு சொல்லச் சொல்லுங்களேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்? டாக்டரம்மா பக்கத்துல நிக்கறாங்க."

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

நான் கேட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். "அதோ நிக்கறா பாருங்க. நல்லா பளிச்சுன்னு இருக்கறவ. நீங்களா வீட்ல இருன்னு சொன்ன ரெண்டு நாளையும் வருகைன்னு போடுங்க. இப்பவே. என் கண்ணு முன்னால."

"கம்ப்யூட்டர்..."

"ஃபோன் அடிக்குது சார்."

அவர் சட்டைப்பையிலருந்து தன்னோட ஃபோனை எடுத்தாரு. எதையோ திறந்தாரு, கட்டைவிரலால ஒரு தடவை தொட்டாரு, இன்னொரு தடவை தொட்டாரு. என்கிட்ட காட்டினாரு. நாத்தனார் பேருக்கு நேரா இருந்த சிவப்பு பச்சையா மாறியிருந்துச்சு. அவ்வளவுதான். நாம சொன்னா கேக்காத கம்ப்யூட்டர்! ஒரு குழந்தையோட காது அந்த ஆளோட கட்டைவிரல்ல இருந்திருக்கு, தூ.

அட்டை அடுத்த வாரமே வந்துச்சு. நாத்தனார் கையில வாங்கிப் பார்த்தா. நன்றின்னு ஒரு வார்த்தை வரும்னு நான் மடச்சி மாதிரி நின்னுக்கிட்டிருந்தேன். "அண்ணி, ஃபோட்டோல நான் இவ்வளவு கறுப்பாவா இருக்கேன்?"னு கேட்டா. அவளைத் திருத்த யாராலயும் முடியாது. பாப்பாவுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்திருக்காங்க. என் அட்டை போனது போனதுதான், அதை யாரும் எடுத்துத் தரல, நானும் கேக்கல.

ஆனா அதெல்லாம் பிறகு. அன்னைக்குக் காலையில இருமல், காய்ச்சல், வயிறு, புண்ணு, கண்ணுன்னு சொன்ன எல்லாரையும் டாக்டரம்மா பிரிச்சு, சம்பளத்தோட வீட்டுக்கு அனுப்பினாங்க. மிச்சம் இருந்தது நானும், இடுப்புவலிக்காரி ஒருத்தியும். தட்டோ மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. நான் பல்லழகரைப் பார்த்தேன். வயிறு சுத்தமா நின்னாச்சான்னு டாக்டரம்மா கேட்டு விட்டதும், அவர் வழியில்லாம கோட்டைக் கழட்டி மாட்டினாரு. எண்ணெய் மண்டை மேல தொப்பியைப் போட்டுக்கிட்டு வரிசையில வந்து நின்னாரு. நான் நீட்டின முதல் தட்டுல ரொட்டியை எடுத்து வைக்க வெறுங்கையை நீட்டினாரு.

"கையுறை போடுங்க சார்"னேன். "இது ஆஸ்பத்திரி."